அக்கா தோண்டச் சொன்ன குழி

எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. படத்துக்கு மாலை போட்டுவிட்டு இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அக்காவோடு ஒரே வேனில் வேலைக்குப் போய்வந்த பெண்களுக்கும் என் வணக்கம். நல்லதை மட்டும் எழுது என்று சொந்தத்தில் மூன்று பேர் தனித்தனியாக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அக்காவிடம் இருந்ததெல்லாம் நல்லதுதான். அதை எழுதுவதில் சிரமம் இல்லை. அவருக்கு நாங்கள் செய்ததை எழுதத்தான் ஒரு வருடம் பிடித்தது.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் இருபது வருடமாக மிஷின் ஓட்டுகிறேன். எத்தனையோ நினைவு மலர்கள் என் கையால் அச்சாகிப் போயிருக்கின்றன. எல்லாவற்றிலும் இறந்தவர் எல்லோரிடமும் அன்பாக இருந்திருப்பார். எல்லோரும் அவரைக் கண்போலப் பார்த்திருப்பார்கள். என் அக்கா மலரில் அந்தப் பொய்யை ஓட்ட எனக்கு மனம் வரவில்லை.

அக்கா பிறந்தது சாத்தூருக்குக் கிழக்கே ஒரு கரிசல் ஊரில். அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போனவர்கள். எங்களுக்கென்று ஒரு சாண் நிலம் கிடையாது. ஊரான் நிலத்தில்தான் அக்கா களை எடுத்தார், பருத்தி எடுத்தார், மிளகாய்ப் பழம் பறித்தார். அவருக்கு எட்டு வயதிருக்கும்போது, கோடையில் பருத்திமார் என்கிற காய்ந்த செடிகளைப் பிடுங்கப் போன காட்டில், வெடித்துக் கிடந்த கரிசலுக்குள் வலது கால் முழங்கால்வரை இறங்கிவிட்டது. இழுத்து எடுத்தபோது கணுக்கால் திருகியிருந்தது. இரண்டு மாதம் நடக்கவில்லை. அதே காட்டில் ஐப்பசி மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால் வெடிப்பு இருந்த சுவடே இருக்காது, மண் ஊதி மேலே வந்து நிற்கும் என்று எங்களிடம் சொல்வார். கரிசல் வெயிலுக்குச் சுருங்கும், மழைக்கு வீங்கும் என்பதை அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. காலை உள்ளே விட்டுத் தெரிந்துகொண்டவர்.

அம்மா காலமானபோது அக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஆறு. அப்பா பிழைப்புக்காகத் திருப்பூர்ப் பக்கம் போனவர், வருடத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு வருவார். பிறகு அதுவும் நின்றது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு அக்கா தீப்பெட்டி ஒட்டினார். வயது வந்ததும் பட்டாசு ஆலையில் சரம் பின்னும் வேலைக்குச் சேர்ந்தார். விடிவதற்குள் சோறு பொங்கி, எனக்கு ஒரு தூக்குச்சட்டி, தனக்கு ஒரு தூக்குச்சட்டி கட்டி வைத்துவிட்டு வேனுக்கு ஓடுவார். அந்தச் சோற்றில்தான் நான் படித்தேன். அச்சுத்தொழில் கற்றேன். கல்யாணம் செய்துகொண்டேன்.

அவருடைய கல்யாண வாழ்க்கை ஐந்து வருடம். அத்தான் லாரியில் லோடு ஏற்றப் போனவர், நல்ல மனிதர், மஞ்சள்காமாலையில் போய்விட்டார். மகள் மாரீஸ்வரிக்கு அப்போது மூன்று வயது. மறுபடியும் அக்கா வேனில் ஏறினார்.

ஆலையில் அவர் எப்படி இருந்தார் என்பதை உடன் வேலை பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சீசனில் ஆர்டர் நெருக்கடி என்று ஒரே அறையில் கூடுதலாக ஆட்களை உட்கார வைக்கப் பார்த்தார்கள். அக்கா பின்னிய சரத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து மர நிழலில் உட்கார்ந்துவிட்டார். "எட்டு பேரு உக்காருற எடத்துல எட்டு பேருதான் உக்காரணும். வேண்டாம்னா கணக்க முடிச்சு விட்டுருங்க, நான் போயிருதேன்" என்றாராம். அறையில் கூட்டம் குறைந்த பிறகுதான் உள்ளே போனார். அவ்வளவு துணிச்சல் உள்ளவர் என் ஒரு சொல்லுக்கு அடங்கிப்போனார். அதைத்தான் இனி எழுதப்போகிறேன்.

மாரீஸ்வரிக்கு மாப்பிள்ளை பார்க்கும் வயது வந்தது. சொந்த வாசலில் பந்தல் போட்டுக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. சீட்டுப் போட்டும் நகையை விற்றும் ஒரு மனைக்கான பணம் சேர்த்திருந்தார். எங்கள் பெரியப்பா மகன், எங்களுக்கு அண்ணன் முறை, அப்போது மனை வாங்கி விற்றுக் கொடுக்கும் தொழிலில் இருந்தார். சிவகாசிக்கு வெளியே ஓர் இடத்தில் கலர்க் கொடி நட்டு, செம்மண் பரப்பி, கல் ஊன்றியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வேன் அனுப்பி எங்களை அழைத்துப் போனார்கள். வாங்க வந்த எல்லோருக்கும் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள்.

அக்கா பொட்டலத்தைக் கையில் வாங்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மனைக்குள் நடந்தார். ஓர் இடத்தில் குனிந்து, கீழே கிடந்த குச்சியால் கிளறினார். அரை அடிச் செம்மண்ணுக்குக் கீழே கருப்பாக வந்தது. அதில் ஒரு கைப்பிடி எடுத்து, பாட்டில் தண்ணீரை விட்டுப் பிசைந்து, முறுக்கு மாவுபோல நீளமாக உருட்டினார். எவ்வளவு உருட்டியும் அது அறுபடவில்லை.

"அண்ணே, மேல போட்டுருக்கதுதான் செம்மண்ணு. கீழ கரிசலு. அது எம்புட்டு ஆழம் போகுதுன்னு பாக்கணும். ஒரு ஆளு ஒசரத்துக்குக் குழி தோண்டச் சொல்லுங்க, நான் கூலி குடுத்துருதேன்" என்றார்.

பெரியப்பா மகன் சிரித்தார். "ஏத்தா, நீ வீடு கட்டப் போறியா, கெணறு வெட்டப் போறியா? எல்லாம் அப்ரூவல் வாங்குன எடம்."

"அப்ரூவல் காயிதம் மண்ணத் தாங்குமாண்ணே? குழிய நாளைக்கே மூடிப்போடலாம்."

அங்கே வேறு ஆட்களும் நின்றார்கள். அவர்களில் இரண்டு பேர் அக்கா சொன்னதைக் கேட்டுத் தங்கள் மனையையும் காலால் கிளறத் தொடங்கினார்கள். பெரியப்பா மகனின் முகம் மாறியது. என்னைத் தனியே கூப்பிட்டார். "ஒங்க அக்கா பேச்ச நிறுத்து. சொந்தக்காரன்னு வெல கொறச்சுத் தாரேன், என் பொழப்புலயே மண்ணப் போடுதா" என்றார்.

நான் அக்காவிடம் போனேன். எல்லோரும் பார்க்க, "ஒனக்கு என்ன தெரியும்? இன்ஜினியரா நீ? பத்துப் பேருக்கு முன்னால மானத்த வாங்காத, பேசாம இரு" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். கையில் இருந்த மண்ணை உதறினார். செருப்பைப் போட்டுக்கொண்டு வேனுக்கு நடந்தார். அடுத்த வாரம் பத்திரம் முடிந்தது. சாட்சிக் கையெழுத்து நான் போட்டது.

வீட்டு வேலையை ஆரம்பிக்க சுப்பையாக் கொத்தனார் வந்தார். அஸ்திவாரத்துக்கு வானம் என்கிற பள்ளம் தோண்டினார். நான்கு அடி போயும் கருப்புதான். கம்பியைக் குத்திப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இது தண்ணி நின்ன பள்ளம், தம்பி. வண்டல் எறங்கிக் கெடக்கு. கெட்டித் தரை எட்டு அடிக்குக் கீழதான் இருக்கும். அங்கன வரைக்கும் போயி, பில்லர் எழுப்பி, கீழ சுத்தி கம்பி கட்டி பெல்ட்டு கான்கிரீட்டு போட்டுத்தான் செவரு வைக்கணும். இல்லன்னா இந்த வேல எனக்கு வேண்டாம்."

மாரீஸ்வரியின் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தது. ஆழத் தோண்டினால் பந்தல் போடும் நாளுக்குள் வீடு முடியாது. பெரியப்பா மகன் வேறொரு மேஸ்திரியை அழைத்து வந்தார். அந்த மேஸ்திரி நான்கு அடியிலேயே கல்லைக் கட்டி எழுப்பினார். அக்கா ஆலையில் இருந்த நேரத்தில் இதற்குச் சரி என்று சொன்னவன் நான். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி வந்தவர், வானத்துக்குள் கல் நிரம்பி இருப்பதைப் பார்த்தார். "சுப்பையாண்ணன் எங்க?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு வேறு வேலை வந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

கல்யாணம் அந்த வாசலில்தான் நடந்தது. மொய் எழுதிச் சாப்பிட்டவர்கள் எல்லோரும் வீடு லட்சணமாக இருக்கிறது என்றார்கள். அந்த வருடம் கோடை கடுமையாக இருந்தது. சித்திரை பிறந்ததும் சமையலறைச் சுவரில் மயிரிழைபோல ஒரு கோடு விழுந்தது. ஆனி மாதத்தில் அதற்குள் நகம் நுழைந்தது. மழை தொடங்கியதும் தரை ஊதி நடுவீட்டில் மேடு தட்டியது. வாசற்கதவு நிலையில் சிக்கி மூட முடியாமல் நின்றது. ஆள் வைத்துக் கதவைச் செதுக்கினோம். அடுத்த கோடையில் அதே கதவில் கை நுழையும் இடைவெளி. சிமென்ட் வைத்து அடைத்தால் அதற்குப் பக்கத்தில் புதிதாகப் பிளந்தது. வருடம் முழுவதும் மழைக்கு ஒரு பக்கமும் வெயிலுக்கு ஒரு பக்கமும் வீடு அசைந்துகொண்டே இருந்தது.

சொந்தம் வந்து பார்த்தது. வாஸ்து சரியில்லை என்றது. வாசலைத் திருப்பி வை என்றது. அத்தான் இல்லாத வீடு, அப்படித்தான் இருக்கும் என்று ஒருவர் சொன்னார். அவரும் இன்று இந்த மலரை வாங்கியிருப்பார், அதனால் பெயரை எழுதவில்லை. பெரியப்பா மகன் ஒரு படி மேலே போனார். "குடிபோற அன்னைக்கு ஆத்தாவுக்கு நேர்த்திக்கடன் வச்சீகளா? அதான்" என்றார். அக்கா கோபப்படாமல் இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போய் முடி இறக்கிவிட்டு வந்தார். வந்தவர் என்னிடம் சொன்னார்: "ஆத்தாகிட்ட வீட்டப் பத்தி நான் கேக்கலடா. அது மண்ணு செஞ்ச வேல, அவளுக்கு என்ன வந்துச்சு? மாரிக்கு நல்லபடியா பிள்ள பெறக்கணும்னு மட்டும் கேட்டேன்."

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் அந்தக் குழந்தையை அந்த வீட்டில் தங்க விடவில்லை. "சொவரு எந்நேரம் விழும்னு தெரியாது, பச்சப்பிள்ளைய அங்கன போட முடியாது" என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பு இல்லை. பேறுகாலத்துக்கு வந்த மகளைப் பத்தாம் நாளே அனுப்பிவிட்டு, வாசலில் நின்று ஆட்டோ போவதைப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். என் கையெழுத்தைப் பற்றி அவர் ஒருநாளும் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

ஐந்தாவது வருடம் கார்த்திகையில், விடாமல் நான்கு நாள் மழை பெய்த பிறகு, குளியலறைச் சுவர் சாய்ந்தது. அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தார். இடது தொடை எலும்பு முறிந்தது. கணுக்காலும் நொறுங்கிவிட்டது. கம்பி வைத்தார்கள். வேன் படியில் ஏற முடியாது என்று ஆனதும் ஆலை வேலை நின்றது. முப்பது வருடத்துக்கு மேல் உழைத்த உடம்பு வீட்டில் உட்கார்ந்தது.

அப்போதுதான் அவர் அந்தக் காரியத்தைத் தொடங்கினார். நம் சொந்தத்தில் பலர் அதைப் பைத்தியம் என்றார்கள்.

பக்கத்துக் காட்டிலும் பெரியப்பா மகனும் அவர் கூட்டாளிகளும் கொடி நட்டு மனை போட்டிருந்தார்கள். ஞாயிறுதோறும் வேனில் ஆட்கள் வந்து இறங்குவார்கள். பெரும்பாலும் பட்டாசு, தீப்பெட்டி வேலை பார்ப்பவர்கள். அக்கா ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு நடந்து போய், கல்லுக்குப் பக்கத்தில் நிற்பார். வருகிற பெண்களிடம் பேசுவார். "ஏத்தா, மனைய மேல பாக்காத. குழி தோண்டச் சொல்லு. தோண்டுன குழியில நாலு கொடம் தண்ணிய ஊத்திட்டு மறுநாளு வந்து பாரு. அப்படியே நின்னா யோசிச்சு வாங்கு. ஆடு மேய்க்கிற ஆளுககிட்ட, மழைக்கு எங்கன தண்ணி நிக்கும்னு கேளு. நம்பலன்னா என் வீட்ட வந்து பாரு, பக்கத்துலதான் இருக்கு." சொல்லிவிட்டுப் பலரைக் கூட்டிவந்து வீட்டைச் சுற்றிக் காட்டுவார். எங்கே எந்த மாதம் பிளந்தது, எந்தச் சுவர் அவர்மேல் விழுந்தது என்று ஒன்றுவிடாமல் சொல்வார். தன் வீட்டின் மானக்கேட்டை முன்பின் தெரியாதவர்களுக்குக் காட்ட அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை.

கரிசலே ஆகாது என்றும் அவர் சொன்னதில்லை. சிலருக்கு அது புரியவில்லை. "வெள்ளாமைக்கு இத மாதிரி மண்ணு உண்டுமா? வீடு கட்டணும்னா அதுக்குத் தக்கன எறங்கிக் கட்டணும், அம்புட்டுதான்" என்பார். பின்புறத்தில் மாரீஸ்வரி ஆசையாக வைத்த தென்னை இரண்டும் வேர் அழுகிப் பட்டுப்போயின. அக்கா அந்த இடத்தில் மிளகாயும் மல்லியும் போட்டார். அது அள்ளிக் கொடுத்தது. ஊன்றுகோலோடு உட்கார்ந்து களை எடுப்பார்.

பள்ளிக்கூட ஆசிரியை ஒருவரும் அவர் கணவரும் அக்கா பேச்சைக் கேட்டுக் குழி தோண்டினார்கள். ஆறு அடியில் தண்ணீர் ஊறி, பழைய ஊருணி வண்டலும் அதில் கொட்டிய குப்பையும் வந்தன. மனை வேண்டாம் என்று போய்விட்டார்கள். அன்றைக்கே மேலும் நான்கு பேர் கைவிட்டார்கள். மறுநாள் பெரியப்பா மகன் என் அச்சக வாசலுக்கு வந்து, மிஷின் சத்தத்தையும் மீறிக் கத்தினார். "ஒங்க அக்காவ அடக்கி வையி. எங்கூட இருக்க ஆளுக எல்லாரும் என்னை மாதிரிப் பொறுத்துப் போக மாட்டானுக" என்றார்.

நான் மறுபடியும் அக்காவிடம் போனேன். அவர் மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, இனி அங்க போகாத. எனக்குக் குடும்பம் இருக்கு. பகைய வளக்க முடியாது."

"நான் பொய்யா சொல்லுதேன்?"

"பொய்யோ மெய்யோ, ஒனக்கு எதுக்கு? நம்ம வீடு போச்சு. அடுத்தவன் வீட்டப் பத்தி என்ன?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "அன்னைக்கு எனக்கு ஒருத்தர் சொல்லிருந்தா நல்லாருந்துருக்கும்னு நான் நெனைக்கலடா. எனக்கே தெரியும். தெரிஞ்சும் வாய மூடுனேன். இனிமே மூட முடியாது. நீ போ."

அதன்பிறகு ஏழு மாதம் நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. இரண்டு கிலோமீட்டர் தூரம்தான். அவரும் கூப்பிடவில்லை. ஞாயிறுதோறும் அவர் போய் நின்றதாகவும், ஒருமுறை யாரோ ஊன்றுகோலைப் பிடுங்கி ஓடையில் எறிந்ததாகவும் பிறகுதான் கேள்விப்பட்டேன். தவழ்ந்து போய் எடுத்துக்கொண்டு, திரும்பவும் அதே இடத்தில் வந்து நின்றாராம்.

சர்க்கரை நோயால் கால் புண் ஆறாமல் விருதுநகரில் ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் மாரீஸ்வரி எனக்குத் தகவல் சொன்னாள். பதினோரு நாள் இருந்தார். நான் போன முதல் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்டியா?" என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்துப் போவேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு வருவேன். பன்னிரண்டாம் நாள் காலை நான் போவதற்குள் முடிந்துவிட்டது.

அவர் உடலை அந்த வீட்டுக்குள் வைக்க முடியவில்லை. நடுவீட்டு மேட்டில் கட்டில் நிற்காது. வாசலில் பந்தல் போட்டு அங்கேயே வைத்தோம். பெரிய மாலையாகப் போட்டவர் பெரியப்பா மகன்தான். அவருடைய கையைத் தட்டிவிட எனக்குத் தைரியம் வரவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். கால் முறிந்த அன்று ஆலை வேனைத் திருப்பிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன ஓட்டுநருக்கு நன்றி. அக்காவைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, ஒருநாளும் முகம் சுளிக்காத செவிலியர்களுக்கு நன்றி. வேலைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் இறங்கி, தினமும் ஒருவராவது எட்டிப் பார்த்துச் சோறு கொடுத்துப்போன வேன் தோழிகளுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்தச் சோற்றை நான் கொடுத்திருக்க வேண்டும். சொன்ன சொல்லை மாற்றாமல் வேலையை விட்டுவிட்டுப் போன சுப்பையாக் கொத்தனாருக்கு நன்றி. அடக்கத்தன்று நாள் முழுக்கப் பந்தலுக்கு வெளியே நின்ற அந்த ஆசிரியைக்கும் அவர் கணவருக்கும் நன்றி. அவர்கள் வேறு இடத்தில், கெட்டித் தரைவரை இறங்கி வீடு கட்டியிருக்கிறார்கள். புதுவீட்டுக்கு முதல் விருந்தாளியாக அக்காவைத்தான் அழைத்தார்களாம். நெருங்கிய சொந்தங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இந்த மலரில் என்னைப் பற்றி நான் எழுதியதுதான் அவர்களுக்கும்.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். போன மாதம் வீட்டை விற்றுவிடலாம் என்று உறவில் பேச்சு வந்தது. பிளவுகளைப் பட்டி வைத்து அடைத்து, பெயின்ட் அடித்துவிட்டால் தெரியாது என்றார்கள். அடித்தும் விட்டார்கள். பைக்கில் ஓர் இளம் தம்பதி பார்க்க வந்தார்கள். இருவருமே பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். அந்தப் பெண் சுவரைத் தடவிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று கணவனிடம் மெதுவாகச் சொன்னாள்.

மாரீஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் அந்தத் தம்பதியைப் பின்புறம் கூட்டிப் போனேன். மண்ணைப் பற்றியும் அஸ்திவாரத்தைப் பற்றியும், எந்தச் சுவர் யார்மேல் விழுந்தது என்பதையும் சொன்னேன். சாட்சிக் கையெழுத்து யாருடையது என்பதையும் சொன்னேன்.

அந்தப் பெண், "வித்தா ஒங்களுக்குத்தானண்ணே நல்லது. எதுக்குச் சொல்லுதீக?" என்று கேட்டாள்.

நான் அவர்களை வாசல்வரை கூட்டிவந்து விட்டேன். அவர்கள் பைக்கில் ஏறிப் போய்விட்டார்கள். வீடு விற்கவில்லை. அதற்காக என்மேல் வருத்தத்தில் இருப்பவர்கள் இந்தப் பந்தலிலேயே இருக்கிறார்கள். வரும் தை மாதம் மாரீஸ்வரி அந்த வீட்டை இடிக்கிறாள்.

அந்த மண்ணைப் பற்றி நான் ஒருவரிடம் உண்மை பேசியது அன்றுதான் முதல் தடவை. கேட்பதற்கு அக்கா இல்லை.

கண்ணீருடன்,
தம்பி